தங்கராசாவின் தொட்டிக்குள் உப்புப் போட்டது யார்

செப். 8, திங்கள்

வெயில். சோளகக் காற்று இன்னும் விடவில்லை. யன்னல் முழுக்கப் புழுதி.

அறிவித்தல்: யாழ் நகர மீன்கடை ஒன்றைப் பிறப்பிடமாகவும், அரியாலையில் எங்கள் படுக்கையறையை வதிவிடமாகவும் கொண்ட தங்கராசா அவர்கள் இன்று காலை ஏழு மணியளவில் காலமாகவில்லை. அன்னார் கறுப்பி, வாயாடி ஆகியோரின் அன்புத் தோழரும், கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் கண்ணாடி மாமாவின் பாசமிகு அயலவரும் ஆவார். ஆனால் அன்னாருக்கும் குடும்பத்தாருக்கும் ஞாயிறு வரைக்கும்தான் தவணை. உற்றார், உறவினர், நண்பர்கள் இதனை ஏற்றுக்கொள்ளாமல் ஏதாவது செய்யவும்.

நடந்தது: அண்ணை ஐஸ் கொம்பனியில் இரவு வேலை. காலையில் வந்து படுத்தால் மத்தியானம் வரைக்கும் நித்திரை. அந்த நேரம் நான் பள்ளிக்கூடத்தில், அம்மா கூட்டுறவுச் சங்கக்கடை வேலையில். வீட்டில் அண்ணையும் நாலு மீனும் மட்டும். மீன் சத்தம் போடாது. மீனுக்குக் காற்று அடிக்கும் மோட்டர் போடும். கடகட, டொக், கடகட. பழைய மினிபஸ் மேடு ஏறுகிற மாதிரி.

இன்று வந்ததும் தொடங்கிவிட்டார்.

"டேய், உந்தச் சத்தத்துக்கை மனிசன் நித்திரை கொள்ளேலுமே?"

"மனிசர் கொள்ளலாம் அண்ணை. நீங்களும் ஒருக்கால் முயற்சி செய்து பாருங்கோ."

தலையணை பறந்து வந்தது. குனிந்தேன். சுவர் வாங்கிக்கொண்டது.

"ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பாப்பன். அதுக்குள்ளை உது அடங்கேல்லையெண்டால் நாலையும் வாளியிலை அள்ளிக் கிணத்துக்கை விட்டிடுவன். அங்கை போய் நுளம்புக் குடம்பியைத் தின்னட்டும்."

சும்மா வெருட்டு அல்ல. அண்ணை சொன்னால் செய்கிற ஆள். கிணற்றில் மீன் விடுவதும் எங்கள் பக்கத்தில் புதினமில்லை, நுளம்பு பெருகிக் கடிக்காமல் இருக்க விடுகிறவர்கள்தான். ஆனால் எங்கள் கிணற்றில் ஒரு ஆமை இருக்கிறது. தங்கமீனைக் கண்டால் அதற்கு அன்றைக்குத் தீபாவளி.

வேறு இடம் பார்த்தேன். ஹோலில் பூனை. விறாந்தையில் வெயில். குசினியில் அம்மா. மூன்றும் மீனுக்கு ஆகாது.

அம்மாவிடம் முறையிட்டேன். "அவன் ராமுழுக்க நிண்டு உழைச்சிட்டு வாறவன். நீ உன்ரை மீனோடை தண்ணிக்கை இரு."

வழக்கு தள்ளுபடி.

செப். 9, செவ்வாய்

கணிதப் பாடத்தில் கணிதம் தவிர்ந்த சகலமும் யோசித்தேன். கொப்பியின் பின்பக்கத்தில் படம் வரைந்தேன். உலகத்தில் முதல்முறையாக, இரைச்சலற்ற மீன்தொட்டி முறைமை. கண்டுபிடித்தவர்: நான். வயது: பதினாறு. இன்னும் முடிசூட்டவில்லை.

பின்னேரம் செய்து முடித்தது:

1. கா.மோ. (காற்று மோட்டர், இனி இப்படித்தான் எழுதுவேன், கை நோகிறது) பிஸ்கற் ரின்னுக்குள். சுற்றிவரப் பழைய மெத்தையின் ஸ்பொஞ். மேலே மூடி. இறுக்கி.

2. காற்றுக் குழாயில் ஒரு பிளாஸ்ரிக் திருகி. திருகினால் குழாய் ஒடுங்கும், குமிழி குறையும். குமிழிச் சத்தமும் ஒரு சத்தம்தானே.

3. தண்ணீர் விளிம்பு வரைக்கும். குமிழி வெடித்துத் தெறிக்க இடமில்லை.

4. தொட்டிக்கு மேலே அளவாக வெட்டிய ரெஜிபோம், ரீவிப் பெட்டிக்குள் வந்த அந்த வெள்ளை மெத்துத் தகடு. அதற்கு மேலே துவாய். துவாய்க்கு மேலே சமூகக்கல்விப் புத்தகம். முதல்தடவையாக அது பயன்பட்டது.

பரீட்சித்தேன். காதை வைத்துக் கேட்டேன். ம்ம்ம் என்று ஒரு முனகல். அவ்வளவுதான். எறும்பு குறட்டை விட்டால் இதைவிடக் கூடக் கேட்கும்.

நடைமுறை: இரவில் அண்ணை இல்லை. அப்போது திருகியைத் தளர்த்தி, ரெஜிபோமையும் எடுத்துவிடுவேன். கா.மோ. கத்துவது எனக்குத் தாலாட்டு. காலையில் பள்ளிக்கூடம் போகும்போது எல்லாவற்றையும் இறுக்குவேன். அண்ணைக்கு மௌனம், எனக்கு மீன்.

சுதனுக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். சுதன் என் வகுப்பு. அவனிடமும் தொட்டி இருக்கிறது, அவனுடைய தங்கச்சியின் மீன்கள். குரல் அனுப்பினான்: "மச்சான் கபில், நீ ஒரு விஞ்ஞானியடா. ஞாயிற்றுக்கிழமை வாறன், எனக்கும் உப்பிடியே செய்து தா."

"நேரம் ஒதுக்கிப் பாக்கிறன்" என்று பதில் போட்டேன். விஞ்ஞானிகள் உடனே ஓம் சொல்வதில்லை.

செப். 10, புதன்

காற்றோடு வெயில். சைக்கிளுக்கு எதிர்க்காற்று, போகும்போதும் வரும்போதும். அது எப்படி என்று விளங்கவில்லை.

காலை 6.50. அண்ணை கால் கழுவிக்கொண்டு வந்தார், கட்டிலில் விழுந்தார். நான் திருகியை இறுக்கினேன், மூடினேன். சத்தம் இல்லை. அண்ணை ஒரு கண்ணைத் திறந்து தொட்டியைப் பார்த்தார். மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார். தோல்வியை ஒப்புக்கொள்வது கஷ்டம்தான்.

பகல் 2.05. வந்து பார்த்தால்:

திருகி தளர்ந்திருக்கிறது. நான் தளர்த்தவில்லை.
ரெஜிபோம் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது.
சமூகக்கல்விப் புத்தகம் நிலத்தில். (அதைப் பற்றிக் கவலையில்லை.)
நிலம் ஈரம்.
தண்ணீர் நாலு விரல் குறைவு.
கா.மோ. ரின்னுக்குள் இருந்து கடகட.

அண்ணை சாப்பாட்டு மேசையில். கண் இரண்டும் மிளகாய்ப்பழம்.

"நித்திரை எப்பிடி அண்ணை?"

"கதையாதை."

யோசித்தேன். நான் போகும்போது சத்தம் பூச்சியம். சத்தமே இல்லாத அறையில் ஒருவர் எப்படி நித்திரை கொள்ளாமல் இருப்பார்? இரண்டு விடைதான். ஒன்று, நடிப்பு. இரண்டு, நித்திரை கொள்ளாமல் வேறு ஏதோ வேலை பார்த்திருக்கிறார்.

பிறகு விளங்கியது. ஞாயிற்றுக்கிழமை என் முறைமை வென்றால் அவர் சொன்ன சொல்லை விழுங்க வேண்டும். அதனால் அவரே திருகியைத் தளர்த்தி, சத்தத்தை வரவைத்து, "பார், இன்னும் சத்தம்" என்று சொல்லி, வாளியோடு வரப்போகிறார்.

இனிமேல் அண்ணை என்று எழுத மாட்டேன். ச.ந. சந்தேக நபர்.

செப். 11, வியாழன்

காலை 6.30, ச.ந. வருமுன் பொறிகள் வைத்தேன்:

அ) திருகியில் அம்மாவின் தையல் நூல், மூன்று சுற்று, என்னுடைய விசேட முடிச்சு. திருகியைத் தொட்டால் அறும்.
ஆ) தொட்டிக்கு முன்னால் நிலத்தில் பேபிப் பவுடர், மெல்லிசாக.
இ) ரெஜிபோம் நின்ற இடத்தில் கண்ணாடியில் மார்க்கர் பேனைக் கோடு.

நேற்று இறுக்கியது போதவில்லை என்று திருகியை இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன்.

பள்ளிக்கூடத்தில் சுதனிடம் வழக்கை விளக்கினேன்.

"சொந்த அண்ணையே செய்வாரோடா?"

"சொந்த அண்ணைதான் செய்வார். வேறை ஆருக்கு என்ரை அறைக்குள்ளை வர ஏலும்?"

"பூனை?"

"பூனைக்குத் திருகியைத் திருக விரல் இல்லை மச்சான்."

2.00. நூல் அறுந்து கிடக்கிறது. கோட்டிலிருந்து ரெஜிபோம் ஒரு சாண் தள்ளி. பவுடரில் கால் அடையாளம், வெறுங்கால், பெருவிரல் அகலம். நம் வீட்டில் அந்த அளவுப் பெருவிரல் ஒருவருக்குத்தான்.

அதைவிட முக்கியம். தொட்டி வைத்திருக்கும் மேசையில் வெள்ளையாகச் சின்னச் சின்னத் துணிக்கை. பவுடர் இல்லை, கல் மாதிரி. விரலில் தொட்டு நக்கினேன். (நஞ்சாக இருந்தால் இந்த நாட்குறிப்பு இங்கேயே முடிந்திருக்கும். துணிச்சலைக் குறித்து வைக்கிறேன்.)

உப்பு.

ஐஸ் கொம்பனியில் உப்பு மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். உப்புத் தண்ணீரைக் குளிராக்கித்தான் ஐஸ் கட்டுவார்களாம். ஆக ஆயுதம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்துவிட்டது. என் மீனை உயிரோடு கருவாடு போடுகிறார் இந்த மனிசர்.

தங்கராசா மூலையில். வால் மடிந்து, செட்டை ஒட்டி. சாப்பாடு போட்டேன், வாயாடி மட்டும் வந்தது, அதுவும் ஒரு வாய். மற்ற நாளில் என் விரலையே தின்னப் பார்க்கும்.

கோபம் வந்தது. உண்மையான கோபம்.

5.10. ச.ந. வேலைக்குப் போகுமுன் தேத்தண்ணி கேட்டார். நானே ஊற்றிக் கொடுத்தேன். சீனிக்குப் பதில் உப்பு. மூன்று கரண்டி. உப்புக்கு உப்பு.

ஒரு மிடறு குடித்தார். என்னைப் பார்த்தார். முழுவதையும் குடித்து முடித்தார். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். போய்விட்டார்.

குற்றம் செய்யாதவர் கத்தியிருப்பார். நான் என்றால் கத்தியிருப்பேன்.

செப். 12, வெள்ளி

காலையில் திருகியை இறுக்கும்போது விரல் நொந்தது. ரின்னுக்கு மேல் சுற்றிச் செலோரேப்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அதே கதை. ரேப் கிழிந்திருக்கிறது. நிலம் ஈரம். கறுப்பியும் சோர்வு. கண்ணாடி மாமா வழக்கமாக அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறவர், இன்று மேலே, தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில். ஊர் விட்டுப் போகப் பார்க்கிறாரோ என்னவோ.

அம்மா ஐந்து மணிக்கு வந்ததும் நீதிமன்றம் கூட்டினேன். ச.ந. கதிரையில் குந்தியிருந்து சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, இவர் என்ரை மீனுக்கு உப்புப் போடுறார். மோட்டர்க் குழாயையும் ஒவ்வொரு நாளும் கழட்டி விடுறார். என்னட்டை ஆதாரம் கிடக்கு."

"போன மாசம் ரெண்டு நாள் பைப்பிலை தண்ணி வராதெண்டு பொய் நோட்டீஸ் அடிச்சு ஒழுங்கை முழுக்க ஒட்டினவன் ஆர்?"

"அது வேறை அம்மா."

"அடுத்த வீட்டு மாமி அண்டா குண்டா எல்லாத்திலையும் தண்ணி நிரப்பிவைச்சு, அதைச் செலவழிக்கப் பயந்து ரெண்டு நாள் குளிக்காமல் நிண்டவ. உன்ரை ஆதாரத்தை ஆர் நம்புறது?"

பழைய வழக்குகளை இழுப்பது சட்டப்படி பிழை. அம்மாவுக்குச் சட்டம் தெரியாது.

நான் நேரே ச.ந.விடம்: "அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. திருகியைத் தளர்த்தினது நீங்களோ இல்லையோ?"

"ஓம். நான்தான்."

அப்படியே. வெட்கமில்லாமல்.

"உப்பு?"

"அதுவும் நான்தான்."

"ஏன்?"

சப்பாத்துக் கயிற்றை இறுக்கினார். எழும்பினார். "தேத்தண்ணிக்கு உப்புப் போடுறவனோடை எனக்குக் கதையில்லை."

"தேத்தண்ணிக்கோ? எடேய் தம்பி, என்னடா செய்தனீ?" இது அம்மா.

வழக்கு திசை மாறிவிட்டது. பிரதிவாதி படலையைத் திறந்து போய்விட்டார், வாதிக்குக் காதில் முறுக்கு.

ஞாயிறுக்கு இன்னும் ஒரு நாள். அதற்குள் மீனே மிஞ்சாது போல இருக்கிறது. அவர் கிணற்றுக்குப் போகத் தேவையில்லை, இங்கேயே முடித்துவிடுவார்.

முடிவு: நாளைக்குக் கையும் உப்புமாகப் பிடிப்பது. வீடியோவோடு. வீடியோவை அம்மா நம்பித்தான் ஆகவேண்டும். சுதனுக்கும் அறிவித்துவிட்டேன்.

செப். 13, சனி

முகில். காற்று விழுந்துவிட்டது. புழுக்கம்.

7.40. அம்மா சங்கக்கடைக்கு. நான் "ரியூசன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளோடு தெரு திரும்புகிற ஒழுங்கை முடக்கு வரைக்கும் போனேன். சைக்கிளை வேலிக்குப் பின்னால் சாத்திவிட்டுத் திரும்பி வந்தேன். ச.ந. குறட்டை. மெல்ல உள்ளே போய், திருகியை இறுக்கினேன். என்றைக்கும் இல்லாத இறுக்கம். மூடி, துவாய், புத்தகம், எல்லாம் சரி. பிறகு என்னுடைய கட்டிலுக்குக் கீழே.

கட்டிலுக்குக் கீழே கண்டவை: ஒற்றைச் சொக்ஸ், காணாமற்போன கவராயம், கரப்பான் ஒன்று (உயிரோடு), கரப்பான் இரண்டு (வேறு நிலையில்).

நேர் எதிரே தொட்டி. முழுவதும் தெரிகிறது. போனை ஒற்றைச் சொக்ஸின் மேல் சாய்த்து வைத்தேன்.

8.15. ஒன்றுமில்லை. ச.ந. நல்ல நித்திரை.

8.30. ஒன்றுமில்லை. முழங்கை நோகிறது.

8.45. குமிழி ஒன்று. பிறகு இன்னொன்று. பிறகு வரவேயில்லை. கா.மோ. ரின்னுக்குள் முனகி முனகி இறங்கி, காதைத் தீட்டினால்தான் கேட்கிறது. முறைமை இவ்வளவு திறமாக வேலை செய்து நானே பார்த்ததில்லை. அந்த நேரத்துக்கு எப்போதும் பள்ளிக்கூடத்தில்தானே நான்.

8.55. வாயாடி மேலே போனது. ரெஜிபோமுக்குக் கீழே ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடியது. பிறகு கறுப்பி. பிறகு மாமா, கண்ணாடியோடு இழுபட்டு இழுபட்டு மேலே. தங்கராசா கடைசி. போகும்போதே ஒரு பக்கம் சரிவு.

நான் ச.ந.வைப் பார்த்தேன். நித்திரை. கை கட்டிலுக்கு வெளியே தொங்குகிறது.

ஒருவரும் தொடவில்லை. உப்பும் இல்லை. வேறு யாருமே இந்த அறையில் இல்லை.

இதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுத வேண்டும். வெளியே வந்து திருகியைத் தளர்த்தலாம் என்று அப்போது எனக்குத் தெரியும். வரவில்லை. வந்தால் வழக்கு போய்விடும். இன்னும் ஒரு நிமிடம், இன்னும் ஒரு நிமிடம் என்று கிடந்தேன். தங்கராசா முழுக்கச் சரிந்தது, வெள்ளை வயிறு தெரிந்தது. அப்போதுதான் கையை ஊன்றினேன்.

அதற்கு முன், ரின்னுக்குள் கடைசி முனகலும் நின்றது, அண்ணை எழும்பிவிட்டார்.

யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி, ஒரே எழும்பு. கண் திறக்கவேயில்லை. நேரே தொட்டிக்கு. புத்தகத்தைத் தட்டிவிட்டார், ரெஜிபோமை இழுத்தார், திருகியைத் தளர்த்தினார், ரின்னைத் திறந்தார். கடகட. குமிழி. குளியலறைக் கோப்பையால் தண்ணீரை அள்ளி உயரத் தூக்கித் தூக்கி ஊற்றினார், தேத்தண்ணி ஆற்றுகிற மாதிரி. கொஞ்சத்தை வெளியே வாளிக்குள் விட்டார், கொஞ்சம் நிலத்தில்.

"பொறு, பொறு. வருது. காத்து வருது. ஆ, அப்பிடித்தான்."

என்னோடு இந்தக் குரலில் கதைத்ததே இல்லை.

அலுமாரிக்கு மேலே இருந்து ஒரு கடதாசிப் பொட்டலம். ஒரு சிட்டிகை உப்பு. கோப்பையில் கரைத்து மெல்ல ஊற்றினார். தங்கராசாவை உள்ளங்கையில் ஏந்தி, குமிழி வருகிற பக்கமாகப் பிடித்தபடி நின்றார். நெடுநேரம். நின்றபடியே நித்திரையில் தலை தொங்கித் தொங்கி விழுந்தது, ஆனால் கை மட்டும் அசையவில்லை.

வால் ஒருக்கால் அடித்தது. பிறகு இன்னொருக்கால்.

நிலத்தைத் துடைக்கக் குனிந்தார். என்னைக் கண்டார்.

"எடேய்! உன்ரை ரியூசன் இப்ப கட்டிலுக்குக் கீழையோ நடக்குது?"

வெளியே வந்தேன். தலைமயிரில் தூசி, கையில் போன். போன் இன்னும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது.

"அண்ணை, உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது? நித்திரையிலைதானே கிடந்தனீங்கள்?"

"சத்தம் நிண்டுட்டுதடா. எங்கடை கொம்பனியிலையும் தண்ணிக்கை காத்து விட்டுத்தான் ஐஸ் கட்டுறது. காத்து நிண்டால் ஐஸ் வெள்ளையாப் போயிடும். மீன்காரர் எடுக்கமாட்டினம், கெதியாக் கரைஞ்சிடுமெண்டு சண்டைக்கு வருவினம். ரெண்டு வருசமா அந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலை நிக்கிறன். சத்தத்துக்கு நான் எழும்புறேல்லை. நிண்டால் எழும்பிடுவன்."

"அப்ப கிணத்துக்கை விடுவன் எண்டனீங்கள்?"

"ஒரு சீராக் கத்தினால் நான் ஏன் கேக்கிறன்? உது நிண்டு நிண்டெல்லோ கடகடக்குது. ஒவ்வொருக்காலும் நிண்டுட்டுதோ எண்டு முழிப்பு வருது. நீ என்னடாவெண்டால் முழுக்கவே நிப்பாட்டிப்போட்டு, பள்ளிக்கூடம் போயிட்டாய்."

"உப்பு?"

"களைச்ச மீனுக்குக் கொஞ்சம் உப்பு நல்லது. தேத்தண்ணிக்குத்தான் கூடாது."

"முந்தியே சொல்லியிருக்கலாம்தானே."

"வெள்ளிக்கிழமை சொல்லுவம் எண்டுதான் இருந்தனான். வியாழக்கிழமை நீ எனக்குத் தேத்தண்ணி தந்துட்டாய்."

கட்டிலில் விழுந்தார். ஒரு நிமிடத்தில் குறட்டை. நான் தொட்டிக்கு முன்னால் குந்திக்கொண்டிருந்தேன், அவர் எழும்பும் வரைக்கும். திருகியைத் தொடவில்லை.

செப். 14, ஞாயிறு

இரவு தூறல். வெக்கை குறைவு. நாலு மீனும் உயிரோடு. தங்கராசா காலையில் இரண்டு உருண்டை சாப்பிட்டது.

அண்ணைக்கு இன்று லீவு. பத்து மணிக்கு எழும்பி, கடகடப்பு எங்கே என்று பார்த்தார். குழாயை அதன் நுனியில், தண்ணீருக்குள் குமிழி விடுகிற காற்றுக் கல்லில் இருந்து கழற்றினார். உடனே கா.மோ. அமைதி. திரும்பப் பூட்டினார், கடகட. "மோட்டரிலை பிழையில்லை. கல்லைப் பார்."

காற்றுக் கல் முழுக்க வெள்ளைப் படை. கேத்திலுக்குள் பிடிக்கிற அதே சுண்ணாம்பு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் மூன்று மாதமாக அதன் துளைகளை அடைத்திருக்கிறது. காற்றுப் போக வழியில்லாமல் மோட்டர் முக்கியிருக்கிறது. முக்கிய மோட்டருக்கு நான் திருகியும் பூட்டி, மெத்தையும் போர்த்தி, மூடியும் போட்டேன்.

செய்தது: கல்லைத் தேசிக்காய்ப்புளியில் ஊறவிட்டோம். புசுபுசுவென்று நுரைத்தது. நன்றாகக் கழுவி, திரும்பப் பூட்டினோம். கா.மோ.வைச் சைக்கிள் ரியூப் துண்டில் கட்டிச் சுவர் ஆணியில் தொங்கவிட்டோம், தண்ணீர் மட்டத்துக்கு மேலே, மேசையில் முட்டாமல். தண்ணீர் இரண்டு விரல் குறைத்து. ரெஜிபோம் இல்லை. சமூகக்கல்விப் புத்தகம் புத்தகப்பைக்கு.

(செய்தோம், பூட்டினோம் என்று எழுதியிருக்கிறேன். நான் தேசிக்காய் பிழிந்தேன். விதையும் விழுந்தது.)

இப்போது ஒரே சீராக ம்ம்ம். அண்ணை கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "ஓம். உது காணும். நிக்கட்டும்." தவணை முடிந்தது. கிணறு இல்லை.

அம்மா எட்டிப் பார்த்தார். "சத்தம் நிண்டுட்டுது போலை. ஆர் செய்தது?"

"உவன்தான்" என்றார் அண்ணை, கல்லைப் பார்த்தபடி.

அம்மா என் தலையைத் தடவினார். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அது எனக்குப் புதிசு.

4.10. சுதன் படலைக்கு வந்து நின்றான். கையில் பிஸ்கற் ரின், கக்கத்தில் ஸ்பொஞ், காற்சட்டைப் பையில் புதுத் திருகி. சைக்கிள் பாரில் அவனுடைய தங்கச்சி, ஏழு வயது, போத்தலில் ஒரு நீல மீனோடு. "எங்கடை மீனுக்கும் சத்தமில்லாமல் செய்து தருவீங்களாம் எண்டு அண்ணா சொன்னவர்."

அந்தப் பிள்ளை அப்படிக் கேட்டிருக்காவிட்டால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. பூட்டிக் கொடுத்திருப்பேனோ என்னவோ.

"சுதன், அந்தத் திருகியைக் கடையிலை திருப்பிக் குடு."

"ஏன்?"

"அது சரிவராது."

"சரிவருமெண்டு நீதானே செவ்வாய்க்கிழமை தொடக்கம் கொடி பிடிக்கிறாய்."

"மச்சான், நாலு நாளும் என்ரை மீனுக்கு மூச்சை அடைச்சது நான்தான். நேற்று தங்கராசா பிரண்டே போச்சு. நான் பாத்துக்கொண்டு கிடந்தனான்."

அவன் கையிலிருந்த ரின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தங்கச்சி போத்தலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தது, என் பக்கம் இருந்து தள்ளி.

"அப்ப உங்கடை அண்ணையைப் பிடிப்பன் எண்டியே, வீடியோவோடை?"

"பிடிச்சதுதான். ஆனால் பிடிபட்டது நான். கட்டிலுக்குக் கீழை."

சுதன் சிரிக்கத் தொடங்கினான். அறைக்குள்ளிருந்து அண்ணையும் சிரிக்கிற சத்தம். இரண்டு பேரும் சிரித்து முடிக்கும் வரைக்கும் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பகிடியும் வாயில் வரவில்லை.